படத்தில் இருக்கிற பட்டன் என் திரையில் இல்லையே! பல வெர்ஷன் கையேடுகளில் ஸ்க்ரீன்ஷாட் கோளாறுகளைச் சரிசெய்வது

பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்றுக்குப் பயனர் கையேடு எழுதுவது என் வேலை. ஒரே நேரத்தில் மூன்று வெர்ஷன்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கையேடு தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. எழுத்தைத் திருத்துவது பெரிய பாடு இல்லை, படம்தான் படுத்தும். 40 ஸ்க்ரீன்ஷாட் இருக்கிற சின்னக் கையேடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வெர்ஷன், இரண்டு மொழி, வெள்ளைத் தீம், கறுப்புத் தீம் என்று பெருக்கினால் 480 படம். அத்தனையையும் கையால் எடுத்து, கையால் பெயர் வைத்து, கையால் மாற்றிக்கொண்டிருந்தால் எங்கேயாவது இடறத்தான் செய்யும்.

கீழே அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகிற வழியை எழுதியிருக்கிறேன். புகார் எந்த வார்த்தையில் வருகிறதோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: புகார் வந்த கையோடு படத்தை மறுபடி எடுக்க ஓடாதீர்கள். பல சமயம் படம் சரியாகத்தான் இருக்கும், வந்து உட்கார்ந்த இடம்தான் தப்பாக இருக்கும்.

## "படத்தில் இருக்கிற பட்டன் என் திரையில் இல்லை"

அதிகம் வருகிற புகார் இது. கேட்டதும் "பழைய வெர்ஷன் படம் போல" என்று முடிவு கட்டிவிடுவோம். அப்படியும் இருக்கலாம். ஆனால் நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

முதலில் பயனரிடம் முழுத் திரையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டன் இருக்க வேண்டிய மூலையை மட்டும் வெட்டி அனுப்பினால் ஒன்றும் பிடிபடாது. கூடவே 'அபவுட்' பெட்டியில் இருக்கும் வெர்ஷன் எண்ணையும் கேளுங்கள். அது வந்ததும் இந்த வரிசையில் பாருங்கள்.

யாருடைய லாகின்? நாம் படம் எடுப்பது எப்போதும் அட்மின் லாகினில். கடையில் கல்லாவில் உட்காருபவரின் லாகினில் 'பில் ரத்து' பட்டனே வராது. அதே வெர்ஷனில், அதே உரிமைகள் கொண்ட லாகினில் நீங்களே நுழைந்து பாருங்கள். உங்களுக்கும் பட்டன் இல்லையென்றால் படத்தில் தப்பில்லை. அந்தப் படிக்கு முன்னால் "இதற்கு மேலாளர் உரிமை வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் புகார் நின்றுவிடும். எங்கள் டீமில் இது தெரியாமல் மூன்று ரிலீஸ் தொடர்ந்து ஒரே படத்தை மாற்றி மாற்றி எடுத்தோம். ஒவ்வொரு முறையும் அதே பட்டன், அதே இடம், அதே புகார்.

ஜன்னல் எவ்வளவு அகலம்? இணையச் செயலிகளில் அகலம் குறைந்தால் பட்டன்கள் மூன்று புள்ளிக்குள்ளோ மூன்று கோட்டுக்குள்ளோ போய் ஒளிந்துகொள்ளும். எழுதுகிறவரின் மேஜையில் பெரிய மானிட்டர், படிக்கிறவரிடம் 1366 பிக்சல் அகல லேப்டாப். பிரவுசரை அந்த அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். பட்டன் மறைந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இனி குறுகின அகலத்திலேயே படம் எடுங்கள்.

எந்த இயங்குதளம்? லிப்ரெஆபிஸில் அமைப்புகளுக்குப் போக விண்டோஸிலும் லினக்ஸிலும் 'டூல்ஸ்' மெனுவில் 'ஆப்ஷன்ஸ்'. மேக்கில் அது 'லிப்ரெஆபிஸ்' என்கிற மெனுவுக்குள் 'பிரிஃபரன்சஸ்' என்ற பெயரில் இருக்கும். வெர்ஷன் ஒன்றே, வழி வேறு. இயங்குதளமே மாறினாலும் நம் படம் பழசாகிவிடும். 2022-ல் மேக்ஓஎஸ் வென்ச்சுரா வந்தபோது 'சிஸ்டம் பிரிஃபரன்சஸ்' என்பது 'சிஸ்டம் செட்டிங்ஸ்' ஆனது, ஐகான் வரிசைகள் போய் இடப்பக்கம் நீளப் பட்டியல் வந்தது. நம் சாஃப்ட்வேரில் ஒரு எழுத்துகூட மாறாமலே 'பிரிண்டர் சேர்ப்பது எப்படி' பக்கத்தின் மேக் படங்கள் எல்லாம் காலாவதி. விண்டோஸ் 11-ல் ரைட் கிளிக் மெனு சுருங்கி, மீதி எல்லாம் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போனதும் இதே கதைதான்.

எந்த எடிஷன், எந்த லைசென்ஸ் என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் தாண்டிய பிறகுதான் வெர்ஷன். அதிலும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. 2018 டிசம்பரில் வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸின் 5.0 வந்தபோது பதிவு எழுதும் திரை முழுக்க மாறி பிளாக் எடிட்டர் ஆனது. ஆனால் 'கிளாசிக் எடிட்டர்' பிளக்இன் போட்டவர்கள் அதே 5.0-ல் பழைய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே எண், இரண்டு திரை. இந்த மாதிரி இடத்தில் "5.0-க்கான படம்" என்று ஒன்று கிடையாது. எந்த எடிட்டர் என்று பெயரிலேயே சொல்ல வேண்டும்.

மாற்றம் சின்னதா பெரிதா என்பதையும் இங்கேயே தீர்மானித்துவிடுங்கள். ஒரு பட்டன் இடம் மாறியிருந்தால் படத்தை மாற்றினால் போதும். 2019 ஜூலையில் வந்த பிளெண்டர் (முப்பரிமாண வரைகலை சாஃப்ட்வேர்) 2.80 மாதிரி முகப்பையே புரட்டிப்போட்டு, பொருளைத் தேர்ந்தெடுப்பதையும் ரைட் கிளிக்கிலிருந்து லெஃப்ட் கிளிக்குக்கு மாற்றியிருந்தால், படத்தை மட்டும் மாற்றுவது ஓட்டை விழுந்த குடத்துக்கு வெளியே பெயின்ட் அடிப்பது. பிளெண்டர் கையேடு வெர்ஷன்வாரியாகத் தனித்தனி முகவரியில் இருக்கிறது, 2.79-க்கு உள்ளது அப்படியே தனியாகக் கிடைக்கிறது. அந்த வழிக்குத்தான் போக வேண்டும்.

## "புதுப் படத்தை ஏற்றியாச்சு, இன்னும் பழையதுதான் தெரிகிறது"

சந்தேகப்பட வேண்டிய இடம் மூன்று: படிக்கிறவரின் பிரவுசர், நடுவில் நகல் வைத்து வேகமாகக் கொடுக்கும் சர்வர்களான சிடிஎன், எழுதியதைக் கையேடாக மாற்றித் தரும் உங்கள் பில்ட்.

1. படத்தை ரைட் கிளிக் செய்து தனி டேபில் திறங்கள். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு ஏதாவது ஒரு எண்ணைச் சேர்த்து மறுபடி திறங்கள். புதுப் படம் வந்தால் கேஷ்தான், அதாவது நடுவில் சேமித்துவைத்த பழைய நகல்தான் காரணம்.
2. பழையதே வந்தால் உடனே பில்டைக் குறை சொல்லாதீர்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுகொள்ளாதபடி சில சிடிஎன்கள் அமைக்கப்பட்டிருக்கும். சிடிஎன் கேஷை ஒருமுறை காலி செய்துவிட்டுப் பாருங்கள்.
3. அப்போதும் பழையதென்றால் பில்ட் முடிந்து வந்த ஃபோல்டருக்குள் போய் அந்த ஃபைலையே திறந்து பாருங்கள். அங்கேயே பழைய படம் இருந்தால் சர்வருக்கும் பிரவுசருக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

மூன்றாவதில், கையேட்டை வலைப்பக்கங்களாக்கும் ஸ்பிங்க்ஸ் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு சங்கதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீங்கள் படங்களை எத்தனை ஃபோல்டரில் பிரித்து வைத்தாலும் அது எச்டிஎம்எல் ஆக்கும்போது எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும். இரண்டு ஃபோல்டரில் 'லாகின்' என்று ஒரே பெயரில் படம் இருந்தால், இரண்டாவதின் பெயரோடு ஓர் எண்ணை ஒட்டிவிடும். அவசரத்துக்கு சர்வரில் போய்க் கையால் 'லாகின்' படத்தை மாற்றுகிறவர்கள் வேறு பக்கத்தின் படத்தை மாற்றிவிட்டு வருவது இப்படித்தான்.

நிரந்தரத் தீர்வு, அதே பெயரில் மேலெழுதுவதை நிறுத்துவது. உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாற வேண்டும். வெர்ஷன் எண்ணையோ, ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹேஷ் என்கிற அடையாளக் குறியையோ பெயரில் சேர்க்கலாம். பில்ட் கருவி தானாகவே இதைச் செய்கிறதா என்று முதலில் பாருங்கள், செய்தால் அதையே விட்டுவிடலாம்.

## "பழைய வெர்ஷன் கையேட்டில் புதுப் படம் வந்துவிட்டது"

மேலே சொன்னதைவிட இது மோசம். பழைய வெர்ஷனிலேயே நிம்மதியாக இருந்தவரைப் போய்க் குழப்பிவிட்டோம். பெரும்பாலும் எல்லா வெர்ஷன்களும் ஒரே பட ஃபோல்டரைப் பங்குபோட்டுக்கொள்வதுதான் காரணம்.

கையேட்டுத் தளம் உருவாக்கும் டாக்குசாரஸ் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். புது வெர்ஷன் போடச் சொன்னால் ஆவண ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து ஒதுக்கிவைக்கும். ஆனால் 'ஸ்டாடிக்' ஃபோல்டரில் இருக்கும் படங்களை நகலெடுக்காது. எழுத்துக்கு மூன்று பிரதி, படத்துக்கு ஒரே பிரதி. அதில் ஒன்றை மாற்றினால் மூன்று வெர்ஷனிலும் மாறிவிடும். படத்தை அந்தந்தப் பக்கத்தின் பக்கத்திலேயே, ஆவண ஃபோல்டருக்குள்ளேயே வைத்தால் நகலெடுக்கும்போது அதுவும் சேர்ந்து வரும்.

ஃபைல்களின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் வெர்ஷனுக்கு ஒரு பிராஞ்ச் (கிளை) வைத்திருப்பவர்களுக்கு வேறு விதமாக இது வரும். இரண்டு கிளைகளை இணைக்கும்போது எழுத்தில் மோதல் வந்தால் கிட் வரிவரியாகக் காட்டும். படத்தில் அப்படிக் காட்ட முடியாது, "இதுவா, அதுவா?" என்று கேட்கும். அவசரத்தில் தப்பான பக்கத்தைச் சொல்லிவிடுவோம். ரீபேஸ் செய்யும்போது (ஒரு கிளையின் மாற்றங்களை இன்னொன்றின் மேல் மறுபடி அடுக்கும்போது) இன்னொரு குழி: 'நம்முடையது', 'அவர்களுடையது' என்ற இரண்டும் அங்கே இடம் மாறிவிடும். சாதாரண இணைப்பான மெர்ஜில் பழகிய கை ரீபேஸில் பழைய படத்தை உள்ளே விட்டுவிடும். எங்கள் வழக்கம் இப்போது ஒன்றுதான்: படத்தில் மோதல் வந்தால், கமிட் செய்வதற்கு (மாற்றத்தைப் பதிவதற்கு) முன் அந்தப் படத்தைத் திறந்து கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

உறுதி செய்ய, அந்த ஒரு ஃபைலின் வரலாற்றை மட்டும் எடுங்கள். கடைசியாகத் தொட்ட கமிட் எந்த ரிலீஸ் வேலைக்கானது என்று பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவார். ஐந்தில் நான்கு முறை அது நானாகத்தான் இருப்பேன்.

அடுக்கிவைக்கும் முறையில் எனக்குப் பிடித்தது 'இல்லையென்றால் முந்தையது' முறை. 3.0 ஃபோல்டரில் 40 படமும் இருக்கும். 3.1 ஃபோல்டரில் மாறிய 6 படம் மட்டும். 3.1-க்கான பில்ட் முதலில் 3.1 ஃபோல்டரில் தேடும், கிடைக்காவிட்டால் 3.0-க்குப் போகும். எது எப்போது மாறியது என்பது ஃபோல்டரைத் திறந்தாலே தெரியும், நகலும் கிடையாது. ஆனால் இரண்டு இடத்தில் காலை வாரும். ஒரு வசதியை 3.2-ல் நீக்கிவிட்டார்கள் என்றால் அதன் படம் 3.0-லிருந்து சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும், பில்ட் ஒரு எச்சரிக்கைகூடத் தராது. அதனால் "3.2-ல் இல்லாதவை" என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்து, அதில் இருக்கும் படத்தை எந்தப் பக்கமாவது கேட்டால் பில்ட் நிற்கும்படி செய்ய வேண்டும். இன்னொன்று, 3.0 படத்தில் கை வைத்தால் பின்னால் வரும் வெர்ஷன்களிலும் மாறும். பல நேரம் அதுதான் நமக்கு வேண்டியது. வேண்டாத நேரமும் உண்டு.

## "அம்புக்குறி வேறு எதையோ காட்டுகிறது"

படத்தின் மேலேயே அம்பையும் எண்களையும் வரைந்து, ஒன்றாக்கிச் சேமித்துவிட்டால் படம் மாறும்போது எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும். தனியாக மேலே மிதக்கவிட்டிருந்தால் படம் மாறும், அம்பு பழைய இடத்திலேயே நிற்கும். இரண்டாவதுதான் ஆபத்து. யாரும் கவனிக்க மாட்டார்கள், படிக்கிறவர் மட்டும் 'சேமி' என்று நினைத்து 'நீக்கு' பட்டனை அமுக்குவார்.

கையால் எடுப்பதென்றால் ஸ்னாகிட் போன்ற படமெடுக்கும் செயலிகளில் அடுக்குகள் உள்ள மூல ஃபைலையும் பிஎன்ஜியையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரை ஸ்கிரிப்டால் இயக்கும் பிளேரைட் மாதிரி கருவியால் எடுப்பதென்றால் வேலை சுலபம். அந்தப் பட்டன் திரையில் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அதனிடமே கேட்டு, அந்த இடத்தில் சிவப்புக் கட்டத்தை வரையச் சொல்லலாம். பட்டன் நகர்ந்தால் கட்டமும் நகரும். பட்டனே இல்லையென்றால் ஸ்கிரிப்ட் பிழை சொல்லி நிற்கும். நமக்கும் அதுதான் வேண்டும்.

## "எழுத்து மங்கல், ஒரு படம் பெரிது, ஒரு படம் சிறிது"

ஃபைலின் அகலத்தைப் பாருங்கள். 1280 இருக்க வேண்டிய இடத்தில் 1600 இருந்தால் எடுத்தவரின் விண்டோஸில் அளவு 125 சதவீதமாக இருந்திருக்கும். 1920 இருந்தால் 150. 2560 இருந்தால் அநேகமாக மேக்கின் ரெட்டினா திரை. ஒரு பக்கத்தில் நாலு பேர் எடுத்த படம் இருந்தால் நாலு அளவில் பட்டன் தெரியும். ஜன்னல் அளவையும் திரை அளவுச் சதவீதத்தையும் டீம் முழுக்க ஒன்றாக வைப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

அகலம் சரியாக இருந்தும் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி தெரிந்தால் எங்கேயோ ஜேபெக் ஆகியிருக்கிறது. அப்புறம் பிஎன்ஜியாக மாற்றினாலும் போன தெளிவு திரும்பாது. வழக்கமான குற்றவாளி வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே வரும்.

## "தமிழ்ப் படத்தில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது"

உங்கள் மெஷினில் எடுத்தால் சரியாக வரும், சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் எடுத்தால் கட்டம் வரும். ஸ்கிரிப்ட் ஓடும் லினக்ஸ் கன்டெய்னரில் (சர்வருக்குள் தனியாக ஓடும் சின்னச் சூழல்) தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். சின்னதாக இருக்கட்டும் என்று எழுத்துருக்களை எல்லாம் உருவிவிட்டுத்தான் கன்டெய்னருக்கு அச்சான 'இமேஜ்'களை உருவாக்குகிறார்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, எழுத்துருப் பட்டியலில் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஆனால் இத்தோடு விடாதீர்கள். பயனர் விண்டோஸில் பார்ப்பது நிர்மலா யுஐ எழுத்துரு. இரண்டுக்கும் அகலம் ஒன்றல்ல. நோட்டோவில் ஒரே வரியில் அடங்கிய மெனு நிர்மலாவில் மடங்கலாம். செயலியே எழுத்துருவைக் கூடக் கொண்டுவந்தால் இந்தத் தலைவலி இல்லை. இல்லையென்றால் தமிழ்ப் படங்களை மட்டும் விண்டோஸ் மெஷினில் எடுப்பது நல்லது.

கட்டம் இல்லை, ஆனால் 'கொ' என்பது கொம்பும் காலும் தனித்தனியாகப் பிய்ந்து வருகிறது என்றால், அது எழுத்துருக் குறை இல்லை. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையைச் செயலி சரியாகச் செய்யவில்லை. தமிழ்ச் சொல் நீளமாக இருந்து பட்டனுக்குள் பாதி வெட்டுப்பட்டாலும் அப்படித்தான், அது சாஃப்ட்வேரின் கோளாறு. படத்தை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யும் ஆசை வரும். வேண்டாம். டெவலப்பருக்கு பக் எழுதி அந்தப் படத்தையே இணைத்து அனுப்புங்கள்.

## "ஒன்றுமே மாறவில்லை, ஒப்பிடும் ஸ்கிரிப்ட் மட்டும் எல்லாப் படமும் மாறிவிட்டது என்கிறது"

பழைய படத்தையும் புதுப் படத்தையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டால் இது நடந்தே தீரும். முதல் தடவை ஓட்டியபோது பட்டியலைப் பார்த்து நாங்கள் மிரண்டுபோனோம். திறந்து பார்த்தால் பில்லில் இருக்கும் இன்றைய தேதி, மூலையில் ஓடும் கடிகாரம், மினுக்கும் கர்சர், பாதி சுற்றிய லோடிங் வட்டம், பிரவுசர் அப்டேட்டில் முடியளவு நகர்ந்த எழுத்து விளிம்பு. எல்லாம் வெறும் இரைச்சல்.

முதலில் தரவை உறைய வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிக் கடை, ஒரே மாதிரி பில், ஒரே தேதி. பிளேரைட்டில் கடிகாரத்தை ஒரு நேரத்தில் நிறுத்திவைக்க வசதி இருக்கிறது. கர்சரை அது தானாகவே மறைத்துவிடும். அசைவுகள் விஷயத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் உண்டு: ஒப்பிடும் கட்டளை அவற்றைத் தானே நிறுத்தும், வெறுமனே படமெடுக்கும் கட்டளைக்கு நாம்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும். சில இடங்களை மூடிவிட்டு ஒப்பிடவும் முடியும். ஆனால் மூடிய இடம் பளீரென்ற ரோஸ் நிறப் பெட்டியாக வரும், அதைக் கையேட்டில் போட்டுவிடாதீர்கள்.

அதற்குப் பிறகும் மிச்சமிருப்பதை அடக்க "இத்தனை சதவீதம் வரை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை" என்று வரம்பு வைப்பார்கள். இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1280-க்கு 800 என்றால் மொத்தம் 10,24,000 பிக்சல். 80-க்கு 24 அளவுள்ள பட்டன் ஒன்று முழுசாகக் காணாமல் போனாலும் மாறுவது 1,920 பிக்சல், அதாவது 0.19 சதவீதம். "ஒரு சதவீதம்தானே" என்று வரம்பு வைத்தீர்களென்றால் ஐந்து பட்டன் காணாமல் போனாலும் ஸ்கிரிப்ட் பச்சை விளக்குக் காட்டும். சதவீதத்தை ஏற்றாமல், நிறத்தில் சின்ன வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது மேல். படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் கருவியிலும் அதற்கு வழி இருக்கிறது. முழுத் திரையை விட்டுவிட்டு, கையேட்டுக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

## "வெர்ஷன் மாறவில்லை, ஆனாலும் படம் தப்பு"

2025 செப்டம்பர் 22 எங்களுக்கு மறக்காது. ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலான பொருட்களுக்குப் போய், 5, 18 என்று ஆன நாள். சாஃப்ட்வேரில் ஒரு திரையும் மாறவில்லை. ஆனால் மாதிரி பில்லில் 12 சதவீதம் போட்டு எடுத்த படம் ஒவ்வொன்றும் அன்று காலையிலிருந்து தப்பு. ஒப்பிடும் ஸ்கிரிப்ட் இதைப் பிடிக்காது, ஏனென்றால் மாதிரித் தரவும் பழசு, படமும் பழசு, இரண்டும் அழகாகப் பொருந்தும்.

வரி விகிதம், நிதியாண்டு, படிவத்தின் பெயர் என்று வெளியுலகம் தீர்மானிக்கிற எதுவும் படத்தில் இருந்தால், அந்தப் படங்களுக்குத் தனி அடையாளம் போட்டுவையுங்கள். மாற்றம் வரும் நாளில் தேடி எடுக்க உதவும்.

## "படத்தில் நிஜ வாடிக்கையாளரின் பெயர் இருக்கிறது"

இதற்கு வரிசை கிடையாது, முதலில் பக்கத்திலிருந்து எடுங்கள், பிறகு பேசலாம். சிடிஎன் கேஷைக் காலி செய்யுங்கள், பிடிஎஃப் பிரதி போயிருந்தால் அதையும் மாற்றுங்கள். மங்கலாக்கிச் சமாளிக்காமல் மாதிரிக் கடையின் தரவை வைத்துப் புதிதாக எடுங்கள். ஃபைலை நீக்கினாலும் கிட் வரலாற்றில் அது இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

வெட்டிய படமும் பாதுகாப்பு இல்லை. விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலில் படத்தைச் சேமித்து, பிறகு வெட்டி அதே பெயரில் சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு ஃபைலின் வாலில் மிஞ்சியிருந்தது 2023 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் வெட்டிய படங்கள் உங்கள் ஃபோல்டரில் இன்னும் இருக்கலாம். படத்தின் அளவோடு ஒப்பிட்டால் ஃபைல் எடை ஒவ்வாமல் அதிகமாக இருப்பவற்றைப் பாருங்கள்.

## "எந்தப் படம் எந்த வெர்ஷனுக்கு என்று யாருக்கும் தெரியவில்லை"

மேலே சொன்ன பாதிக் கோளாறுகளுக்கு வேர் இங்கேதான். எங்கள் ஃபோல்டரில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புதுசு', 'இதுதான் சரி' என்று நாலு படம் இருந்தன. 'இதுதான் சரி' என்பதை எந்தப் பக்கமும் பயன்படுத்தவில்லை.

முதலில் அநாதைகளைக் களையுங்கள். ஃபோல்டரில் இருக்கும் பெயர்களையும் பக்கங்கள் கேட்கும் பெயர்களையும் ஒப்பிட்டு, யாரும் கேட்காதவற்றை நீக்குங்கள். மிஞ்சியதற்கு வெர்ஷன் கண்டுபிடிக்கக் கொஞ்சம் துப்பறிய வேண்டும். கமிட் தேதியை ரிலீஸ் தேதியோடு வைத்துப் பாருங்கள். படத்தின் அடியில் வெர்ஷன் எண்ணோ காப்புரிமை ஆண்டோ இருக்கலாம். டாஸ்க்பாரையும் சேர்த்து எடுத்த சோம்பேறித்தனம் இங்கே கைகொடுக்கும்: மூலையில் தேதி இருக்கும். ஐகான்கள் நடுவில் கூடியிருந்தால் அநேகமாக விண்டோஸ் 11, அதாவது 2021 அக்டோபருக்குப் பிறகு எடுத்தது.

கண்டுபிடித்ததை ஒரு பட்டியலில் எழுதுங்கள். படத்துக்கு ஒரு வரி: எந்தத் திரை, எடுத்த வெர்ஷன், லாகின், இயங்குதளம், மொழி, தீம், ஜன்னல் அளவு, எந்த மாதிரித் தரவு. இவற்றோடு 'கடைசியாகச் சரிபார்த்த வெர்ஷன்' என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். 3.0-ல் எடுத்த படம் 3.2-லும் சரியாக இருக்கலாம். பழைய படம் வேறு, தப்பான படம் வேறு. இந்தப் பத்தி இல்லாததால்தான் சரியாக இருக்கிற படத்தையும் ஒவ்வொரு ரிலீஸிலும் மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெயரில் 'படம் 7' மாதிரி வரிசை எண் வேண்டாம். நடுவில் ஒன்று நுழைந்தால் எல்லாம் போச்சு. திரையின் பெயரும் செய்கிற வேலையும் போதும்.

## "ரிலீஸுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, 300 படம் பாக்கி"

முடியாது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் வழி கிடைக்கும்.

படிக்கிறவரைத் தப்பாக நடக்கவைக்கும் படங்களை முதலில் எடுங்கள்: இடம் மாறிய பட்டன், பெயர் மாறிய மெனு, புதிதாகச் சேர்ந்த கட்டாயக் கட்டம். பணமும் அழிப்பதும் சம்பந்தப்பட்ட திரைகள் அதிலும் முன்னால். ஐகான் வடிவம், நிறம், மூலை வளைவு மட்டும் மாறியவற்றை விட்டுவிடுங்கள், அதனால் யாரும் வழி தவற மாட்டார்கள்.

நடுவில் ஒரு கும்பல் இருக்கும்: "சரி என்பதை அமுக்குங்கள்" என்று எழுதிவிட்டு, கீழே 'சரி' பட்டன் மட்டும் உள்ள பெட்டியைப் படமாகப் போட்டவை. படத்தை எடுத்துவிட்டு அந்தப் படி புரிகிறதா என்று படித்துப் பாருங்கள். புரிந்தால் அந்தப் படத்தை எல்லா வெர்ஷனிலும் எல்லா மொழியிலும் நீக்கிவிடுங்கள். ஒன்று போனால் கணக்கில் பன்னிரண்டு போகும்.

விட்டுவிட்டவற்றைப் பட்டியலில் 'பார்த்தேன், நிறம் மட்டும் வேறு' என்று வெர்ஷன் எண்ணோடு எழுதிவையுங்கள். இல்லையென்றால் அடுத்த ரிலீஸில் இதே வேலையைச் செய்ய வருகிறவர் அந்த 300-ஐயும் முதலிலிருந்து திறந்துகொண்டிருப்பார்.